தவளைக் காரின் முன்மூடி

இன்றைக்கும் யாராவது ஒரு காரின் பொனட்டைத் திறந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் மருமகன் புதிதாக வேன் வாங்கிக்கொண்டு வந்து, "மாமா, எஞ்சினப் பாருங்க மாமா" என்று ஆசையாகக் கூப்பிட்டபோதுகூட, கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். பிள்ளை மனசு சங்கடப்பட்டிருக்கும். ஆனால் அந்த மூடி மேலே எழும்புகிற நேரம் இருக்கிறதே, அதை என்னால் பார்க்க முடியாது.

இது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பதுளையில் கராஜ் வைத்திருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தால் விரும்பமாட்டார். முஸ்லிம் பெரியவர். தமிழர், சிங்களவர் எல்லோருமே அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிட்டோம். அப்படியே இருக்கட்டும்.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையில் இருந்த ஒரு தோட்டத்தில், துரை பங்களாவில் வேலை செய்தேன். கார் கழுவுவது, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது, வண்டி பழுதானால் கராஜுக்குக் கொண்டு போவது, இதுதான் வேலை. படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றது. மற்றதையெல்லாம் முருகன் பார்த்துக்கொண்டான்.

வண்டி அடிக்கடி பழுதானதால் நானாவை அடிக்கடி பார்த்தேன். நெட்டையான ஆள். வெள்ளைத் தொப்பியில் எப்போதும் ஒரே இடத்தில் பெருவிரல் எண்ணெய் அடையாளம் இருக்கும், தொப்பியை அந்த இடத்தில் பிடித்துத்தான் கழற்றி மாட்டுவார். மனிதரிடம் அவசரம் என்ற ஒன்று கிடையாது. ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு பழைய பீங்கான் தட்டில் வைப்பார். பிறகு பிளேன்டீ வாங்கி, சக்கரைக் கட்டியை ஓரத்தில் ஒரு கடி கடித்து, ஒரு வாய் குடிப்பார். அதற்குப் பிறகுதான் அடுத்த நட்டு. நாம் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தால், தலையைத் தூக்காமலே சொல்வார்:

"அவசரம் ஒனக்கு. சாமானுக்கு அவசரமில்ல."

அந்தக் குரல் ஏறாது, இறங்காது. எதற்கும் ஒரே குரல். அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

ஒரு தடவை நான் போயிருந்தபோது லொறி ஒன்றுக்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த மூலையில ஈக்குது பாரு இன்னொரு ஜாக்கி. அத எடுத்து முன் சில்லுக்குக் கிட்ட வெச்சிக் கொஞ்சம் ஏத்துறியா?"

"வேலைக்குத் தேவையாங்க நானா?"

"ஓ. இந்த ஜாக்கி சறுக்கிட்டு. என்ட கை நசுங்கி ஈக்குது."

நான் பேப்பரை எறிந்துவிட்டு ஓடினேன். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வரும்போது தடுக்கி விழுந்தேன். எழும்பிச் சுற்றத் தொடங்கியபோது என் அவசரத்தில் ஜாக்கி நிற்கவே இல்லை. உள்ளேயிருந்து அதே குரல், "மெதுவா. நேரா வெச்சிட்டு ஏத்து. நீ அவசரப்பட்டா அதும் சறுக்கும்" என்றது. கையை வெளியே எடுத்தபோது இரண்டு விரல்கள் தட்டையாகிக் கறுத்திருந்தன. நான் அழுதுவிட்டேன். அவர் கையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், வலது கை இல்ல" என்று சொல்லி டீக்கடைக்காரனிடம் ஐஸ் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

அன்றைக்கு இரவு என் மனைவியிடம் சொன்னேன், "அது மனுசனே இல்ல புள்ள, கல்லு" என்று. அவள், "கல்லத்தான நாமளும் கும்புடுறோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணக் கார் கதை பதுளையில் பலருக்குத் தெரியும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பசறைப் பக்கம் போக வேண்டிய கார். ஹோர்ன் வேலை செய்யவில்லை என்று போகிற வழியில் நானாவிடம் நிறுத்தினார்கள். ஹோர்ன் ஒரு கல்யாணக் காருக்கு முக்கியம் இல்லையா? நானா ஹோர்னைப் பார்க்கவே இல்லை. காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு ஜாக்கியைப் போட்டு ஒரு சில்லைக் கழற்றத் தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கொதித்துவிட்டார்.

"யோவ், ஹோர்னப் பாக்கச் சொன்னா சில்லக் கழட்டுறீங்களே! முகூர்த்தம் போகுதுய்யா!"

"முகூர்த்தத்துக்குப் போற வழி ஏத்தமா, எறக்கமா?"

"எறக்கம். ஏன்?"

"அப்ப பொறுங்க."

தாய்மாமன் நானாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். நானா சட்டையை விடுவிக்கக்கூட முயலவில்லை. பிடித்தபடி இருக்கட்டும் என்று, மற்றக் கையால் சில்லுக்குப் பின்னால் இருந்த பிறேக் குழாயை இழுத்துக் காட்டினார். ரப்பர் வெடித்து, ஒரு நூல் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக. மாமன் கையை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகூர்த்தம் பிந்தித்தான் போனது. அந்த மாப்பிள்ளையும் பொண்ணும் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

அவர் வீட்டிலும் இதே கதைதான். மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறது என்று மச்சான்காரன் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னபோது, நானா ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கி முடித்து, இழுத்துப் பார்த்து, கையைக் கழுவிய பிறகுதான் எழும்பினார். "ஒரு வாப்பாவா நீங்க?" என்று மச்சான் திட்டினான். "அரவாசி முறுக்கின நட்ட விட்டுட்டுப் போனா, நாளக்கி வேற ஒருத்தன்ட பிள்ள அழும்" என்றார் நானா.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தேய்ந்த சாமான் எதையும் வீசமாட்டார். ஒரு தேயிலைப் பெட்டி நிறையப் பழசு. ஒவ்வொன்றிலும் சணல் நூல் கட்டி, எந்த வண்டிச் சாமான் என்று தெரிந்துகொள்ள ஒரு முடிச்சு. "இத வெச்சி என்னங்க நானா பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "தேஞ்சதுதான், செத்துப் போகல்ல" என்பார்.

இப்போது தவளைக் காருக்கு வருகிறேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன கார் அது. எங்கள் துரை சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் கார்ப் பைத்தியம். அவர்தான் அதை வாங்கினார். மஞ்சள் நிறத்தில் பந்தயக் கார். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, இரண்டு கண்ணும் மேலே பிதுங்கி இருக்கும். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அதைத் தவளைக் கார் என்றார்கள். அதற்கு எல்லாமே தலைகீழ். எஞ்சின் பின்னால். நாம் சாமான் வைக்கிற டிக்கி முன்னால், பொனட் இருக்க வேண்டிய இடத்தில்.

முன்மூடிக்கு இரண்டு, பின்மூடிக்கு இரண்டு என்று காற்று அடைத்த தண்டுகள் இருந்தன. மூடியைத் திறந்தால் அவைதான் அதை மேலே தள்ளித் தாங்கிப் பிடிக்கும். கராஜில் அவற்றை ஷொக் என்பார்கள். எங்கள் மலைக் குளிரிலும் ஈரத்திலும் அந்த ஷொக்குகள் நாலும் தேய்ந்து, உள்ளே இருந்த காற்றுப் போய், வெறும் குழாயாகிவிட்டன. லீவரை இழுத்தால் பூட்டு விடும், ஆனால் மூடி எழும்பாது. கையால் தூக்கி, ஒரு கொய்யாக் கம்பை முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் துரைசாணி சாமான் எடுக்கும்போது கம்பு வழுக்கி, மூடி அவர் தொப்பியோடு தலையில் விழுந்தது. அன்றைக்கே துரை வெளிநாட்டில் இருந்த தம்பிக்கு எழுதிவிட்டார். சில மாதம் கழித்துப் புது ஷொக் நாலும் பார்சலில் வந்தன.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பில் கலவரம் என்று ரேடியோவில் கேட்டிருந்தோம். கொழும்பு எங்கே, பதுளை எங்கே என்று இருந்துவிட்டோம். காலையில் குளித்து, விபூதி பூசி, புது ஷொக்குகளை ஸீட்டில் வைத்துக்கொண்டு தவளைக் காரைப் பதுளைக்கு ஓட்டி வந்தேன்.

நானா ஒவ்வொரு ஷொக்காக எடுத்து, துடைத்து, கையால் அழுத்திப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ்" என்று தொடங்கினார். நாலையும் மாட்டி முடித்து, என்னிடம் முன் லீவரை இழுக்கச் சொன்னார். கார் உள்ளே, ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் அந்த லீவர். இழுத்தேன். டக் என்று பூட்டு விட்டது. யாரும் தொடாமலே மூடி மெல்ல, தானாக, கோயில் கதவு திறக்கிற மாதிரி மேலே போய் நின்றது. நான் கை தட்டிவிட்டேன்.

நானா கை தட்டவில்லை. குனிந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது கொக்கி ஒடஞ்சி ஈக்குது தம்பி. லீவர் இழுபட்டா மூடி நிக்காது, நேரா மேல போயிடும். பழசு தேஞ்சி ஈந்ததால இவ்வளவு நாளும் தெரியல்ல. துரைக்கிட்ட செல்லு. கொக்கி போடுற வரைக்கும் கார் ஓடக்குள்ள யாரும் அந்த லீவர்ல கை வெக்கப்படாது."

சரி என்றேன். பழைய ஷொக்குகளுக்கு முடிச்சுப் போட்டுத் தேயிலைப் பெட்டியில் போட்டார். நான் புறப்படலாம் என்று கார்ச் சாவியை எடுத்தபோதுதான் கடைத்தெருப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

முதலில் ஏதோ பெரஹெரா ஊர்வலம் என்று நினைத்தேன். பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். ஒரு பெண் கத்திய கத்தல். அது சட்டென்று நின்றது. நின்றதுதான் பயங்கரம். நானா போய்க் கராஜின் பெரிய கதவைச் சாத்தினார். அதையும் மெதுவாகத்தான் சாத்தினார். கதவு இடுக்கில் நான் பார்த்தேன். இரண்டு கடை தள்ளி, நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கற்பூரம் வாங்குகிற கடை, தமிழ் முதலாளியுடையது, எரிந்துகொண்டிருந்தது. தெருவில் வேட்டி கட்டிய ஒருவரை நாலைந்து பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தன. போன வாரம் என்னோடு டீ குடித்தவன் ஒருவன் கையில் கத்தி இருந்தது.

நெற்றியில் விபூதி. காதில் கடுக்கன் துளை. என்னைப் பார்த்தாலே தெரியும். லயத்தில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கு வேறு நினைப்பே வரவில்லை.

"நானா, நான் இங்கயே ஒளிஞ்சிக்கிறேங்க."

"ஏலாது. நெருப்பு இங்க வரும். இங்க ஈக்கிறதெல்லாம் பெட்ரோலும் ஒயிலும்."

அவர் தவளைக் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சிறிய ஆள். முன்மூடியைத் திறந்து, ஸ்பேர் சில்லைத் தூக்கி ஸீட்டில் வைத்தார். எனக்குப் புரிந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

"பொறு" என்றார்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. தேயிலைப் பெட்டிப் பக்கம் போனார். எதையோ தேடினார். ஸ்பேனரை எடுத்து, பீங்கான் தட்டைப் பக்கத்தில் வைத்து, கொய்யாக் கம்பை முட்டுக் கொடுத்து, முன்மூடிக்குள் தலையை விட்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டார். என் கண்ணுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"என்ன பண்றீங்க நானா! எரியுதுங்க!"

"தெரியுது."

"அப்ப வாங்களேன்! ஒங்க கால்ல விழுறேன், வாங்களேன்!"

"அவசரம் ஒனக்கு. சாமானுக்கு அவசரமில்ல."

எதையோ கழற்றினார். துடைத்தார். ஊர் எரிகிறது, அவர் துடைக்கிறார்! தட்டில் வைத்தார். எதையோ மாட்டினார். மறுபக்கம் போய் மறுபடியும் அப்படியே. கூரைத் தகரத்தில் தீப்பொறி விழும் சத்தம் கேட்டது. இந்த மனிதருக்குப் பைத்தியம், இவருடைய கல் மனசால் நான் சாகப் போகிறேன் என்று நினைத்தேன். முருகா, இந்தக் கல்லை நகர்த்து, கதிர்காமத்துக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

கடைசியில் நிமிர்ந்து, "ஏறு" என்றார். நான் நெற்றி விபூதியை அழிக்கக் கையைக் கொண்டு போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்துக்கு அழிக்கிற? உள்ளுக்கு ஈக்கிறவனுக்கு அது வேணும்."

முழங்கால் தாடையில் இடிக்க மடங்கிப் படுத்தேன். மூடி இறங்கியது. டக். இருட்டு. பெட்ரோல் வாசனை. "பிஸ்மில்லாஹ்" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. பின்னால் எஞ்சின் எழும்பியது.

பந்தயக் கார். நான் ஓட்டினால்கூடப் பறக்கும். அவர் அதை மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். தெருவின் சத்தங்கள் எல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம் என் காதை ஒட்டிக் கேட்டன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாலத்தடியில் கலவரக்காரர்கள் காரை நிறுத்திவிட்டார்கள்.

சிங்களத்தில் அதட்டினார்கள். யார், எங்கே, யாருடைய கார். நானா அதே குரலில், துரையின் கார், தோட்டத்துக்குக் கொண்டு போகிறேன் என்றார். ஒருவன் டிக்கியைத் திற என்றான். நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன். நானா இறங்கி, அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பின்மூடி திறந்தது. ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு.

"அடேய், இங்க பாரடா! டிக்கிக்குள்ள எஞ்சின்டா!"

"மூடி தானா எழும்புதடா! இன்னொருக்காத் திற, இன்னொருக்கா!"

மூடுவதும் திறப்பதுமாக விளையாடினார்கள். ஆள் கொன்றுவிட்டு வந்தவர்கள், திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. கத்தலைக்கூட மறந்திருப்பேன்.

அந்த நேரத்தில் ஒருவன் ஓட்டுகிற ஸீட்டில் ஏறி உட்கார்ந்தது ஆட்டத்தில் தெரிந்தது. ஹோர்னை அடித்தான். வைப்பரைப் போட்டான். கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்தான். என் காலை ஒட்டி ஓடிய கம்பி ஒன்று வெடுக்கென்று இழுபட்டது.

டக்.

பூட்டு விட்டது. மூடி ஒரு விரல் அளவு எழும்பியது. கோடு போட்ட மாதிரி வெளிச்சம் உள்ளே வந்தது. அந்தக் கோட்டில் நான் ரப்பர்ச் செருப்புக் கால்களைப் பார்த்தேன். ஒரு இரும்புக் குழாயின் நுனியைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்தது என்ன என்று எழுதமாட்டேன். இப்போது மூடி மேலே போகும், காலையில் போன மாதிரி மெதுவாக, தானாக, எல்லோரும் பார்க்கப் போகும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முருகா என்று சொல்லக்கூட வரவில்லை.

மூடி எழும்பவில்லை.

ஒரு விரல் அளவில் அப்படியே கிடந்தது. பின்பக்கமிருந்து காலடி ஒன்று வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் அப்படி நடக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. ஓடவில்லை, எட்டி வைக்கவில்லை. வந்து, டீக்கடை வாங்கில் உட்காருகிற மாதிரி மூடியின் மேல் உட்கார்ந்தார். டக். வெளிச்சம் போனது.

"இதுல கை வெக்காதீங்க மகன்மார்" என்று சிங்களத்தில் சொன்னார். "இந்த மூடிக்குத் தாங்கற சாமான் தேஞ்சி போயிருக்கு. தூக்கினா கையில விழும்."

அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். நானா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை என்றும் நினைத்தேன். யாரோ "போ, போ" என்றார்கள். கார் நகர்ந்தது. மேடேறி, தேயிலைக்குள் நுழைந்து, குளிர் காற்று இடுக்கில் வந்தபோதுதான் நான் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

பங்களாவில் நானா மூடியைக் கையால் தூக்கித் திறந்தார். துரை ஓடி வந்தார். நான் நேரே லயத்துக்கு ஓடினேன். பிள்ளைகளைக் கட்டிப் பிடித்த பிறகுதான் நானாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது நினைவு வந்தது. திரும்பி வருவதற்குள் அவர் தேயிலை லொறியில் போய்விட்டார். "டீ குடிச்சிட்டுப் போகச் சொன்னேன், கராஜைப் பார்க்கணும்னு சொல்லிட்டார்" என்றார் துரை.

அந்த மூடியை முருகன் பிடித்துக்கொண்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். தோட்டக் கோயிலில் பொங்கல் வைத்தோம். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஊர் அடங்கிய பிறகு ஒரு நாள் துரை தவளைக் காரை வெளியே எடுத்தார். நான் கழுவிக்கொண்டிருந்தேன். துரை லீவரை இழுத்தார். டக் என்றது. மூடி எழும்பவில்லை. கையால் தூக்கினார். விட்டார். டமார் என்று விழுந்தது. குனிந்து பார்த்தவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏய், இங்க வா! பின்னால புதுசு இருக்கு. முன்னால பழசுதானே இருக்கு! நாலு குடுத்தது நான். ரெண்டு எங்க? அந்தக் கராஜ்காரன் சுருட்டிக்கிட்டானா?"

நான் எட்டிப் பார்த்தேன். பழைய ஷொக் இரண்டு. இரண்டிலும் சணல் நூல் முடிச்சு அப்படியே தொங்கியது.

வாளி என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்ன, என்ன ஆச்சி?" என்று துரை கேட்கிறார். ஊர் எரியும்போது அவர் கழற்றியது புது ஷொக். மாட்டியது தேய்ந்தது. யாரோ ஒருவன் எங்கேயோ ஓரிடத்தில் அந்த லீவரை இழுப்பான் என்று, தலைக்கு மேல் தீப்பொறி விழ, அந்த மனிதர் நின்று யோசித்திருக்கிறார். நான் அவரைக் கல் என்று திட்டிக்கொண்டு நின்றேன். பாலத்தடியில் அவர் பொய்யும் சொல்லவில்லை.

தட்டுத் தடுமாறித் துரையிடம் சொன்னேன். துரை கேட்டு முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "காரை எடுத்துட்டுப் போ. அவரைப் பார்த்துட்டு வா" என்றார்.

பதுளைக்கு இறங்கினேன். பாலத்தைக் கடக்கும்போது கண்ணை எடுக்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். கற்பூரம் வாங்குகிற கடை இருந்த இடத்தில் கறுப்புச் சுவர் மட்டும். கராஜின் கூரையில் பாதி போயிருந்தது. தேயிலைப் பெட்டி ஒரு பக்கம் கருகி இருந்தது. நானா அதன் மேல் உட்கார்ந்து, சக்கரைக் கட்டியைக் கடித்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அதே தொப்பி, அதே எண்ணெய் அடையாளம்.

காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வாணாம். அல்லாஹ் ஈக்கிறான். எப்பிடி பிள்ளைகள்?"

"நல்லா இருக்காங்க நானா."

"வேல அரவாசில நிக்குது. கார உள்ளுக்கு எடு."

பேப்பரில் சுற்றி, பத்திரமாக வைத்திருந்த புது ஷொக் இரண்டையும் எடுத்து வந்தார். பழசில் ஒன்றைக் கழற்றினார், துடைத்தார், தட்டில் வைத்தார். இந்தத் தடவை நான் காலை மாற்றி வைக்கவில்லை. ஒவ்வொரு நட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பூட்டுக்குப் பக்கத்தில் அவர் தன் கையால் செய்து வைத்திருந்த ஒரு கொக்கியையும் பொருத்தினார். எல்லாம் முடிந்ததும், அன்றைக்குப் போலவே என்னிடம், "லீவர இழு" என்றார். கொக்கியை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

இழுத்தேன். டக்.

மூடி எழும்பியது. யாரும் தொடாமல், மெல்ல, சத்தமில்லாமல் எழும்பிக்கொண்டே போனது. ஒரு விரல் அளவு. ஒரு சாண். ஒரு முழம். நிற்கவே இல்லை. உள்ளே நான் மடங்கிக் கிடந்த இடம் முழுவதும் வெளிச்சத்தில் தெரிந்தது. அடியில் விரித்திருந்த துணியில் என் நெற்றி பட்ட இடத்தில் விபூதி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மூடி என் தலைக்கு மேலே போய் நின்றது.

காரின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நானா என்னைப் பார்க்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். மிச்சம் இருந்த பிளேன்டீயைக் குடித்தார். அந்த ஏறாத இறங்காத குரலில் சொன்னார்:

"இனித் தொறந்தாப் பரவால்ல தம்பி."